ஒன்பது நாற்பது ட்ரங்க் கால்

9-1-1968, செவ்வாய்

காலை ஷிப்ட். ஆலங்கரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பத்தெட்டு சந்தாதாரர்கள். இன்று பேசியவர்கள் பதினாறு பேர்தான். போர்டில் ஒரு எண்ணின் சின்னத் தகடு 'டப்' என்று விழுந்தால், அந்த வீட்டில் யாரோ கைப்பிடியைச் சுற்றுகிறார்கள் என்று பொருள். இணைப்புக் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அது தவிர இன்று என் வாயிலிருந்து வந்தது, மளிகைக் கடையில் "கால் கிலோ சர்க்கரை". அவ்வளவுதான்.

மார்ச்சில் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். டிரெயினிங்கில் கொடுத்த சொற்களை என் பாஷையில் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறுகிறது.

சிம்ப்ளெக்ஸ் — ஒரு பக்கம் மட்டும் போகும். ரேடியோ மாதிரி. நாம் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

ஹாஃப் ட்யூப்ளெக்ஸ் — இரண்டு பக்கமும் போகும், ஆனால் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர். போலீஸ் வயர்லெஸ்.

ட்யூப்ளெக்ஸ் — ஒரே நேரத்தில் இருவரும் பேசலாம். டெலிபோன். சண்டை போட வசதி.

11-1-1968, வியாழன்

லோக்கல் லைன் — ஒரு வீட்டுக்கும் நம் போர்டுக்கும் நடுவில் உள்ள ஜோடிக் கம்பி. அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்.

ட்ரங்க் — ஒரு எக்ஸ்சேஞ்சுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஓடுவது. யாருக்கும் சொந்தமில்லை. எல்லோரும் வரிசையில் வந்து வாங்கிக்கொள்வது.

புத்தகம் அப்படிச் சொல்கிறது. சீனியர் ஆபரேட்டர் ரெத்தினம் சார் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார். "ஒண்ணாம் நம்பர் பெரிய பண்ணை. அவரு தஞ்சாவூரு கேட்டா மத்ததெல்லாம் பின்னாடி. புக் பண்ணின டயத்தக் கொஞ்சம் முன்னாடி போட்டுடு, சரியாப் போயிடும்." பத்து மாதமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து மாதமாகப் பொய் நேரம் எழுதுகிறேன் என்பதை இன்றுதான் எழுதிப் பார்க்கிறேன்.

என் ஹெட்செட்டுக்குத் தனி ஆணி. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அடித்து வைத்திருந்தார்கள். சேரிப் பெண் காதில் மாட்டியதை அவர்கள் எப்படி மாட்டுவார்கள்?

12-1-1968, வெள்ளி

தஞ்சாவூர் ட்ரங்க் போர்டில் கமருன்னிஸா. முகம் தெரியாது. "என்ன ஆலங்கரை, சாப்டாச்சா?" என்று கேட்கும் ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். "ஆச்சுங்க தஞ்சாவூர்" என்றேன். ஆகவில்லை.

15-1-1968, திங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் வீரையன் இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். சம்பா அறுப்புக்குக் கூலி நெல் கலத்துக்கு அரைப் படி கூடுதல் கேட்கிறார்கள். தராவிட்டால் பெரிய பண்ணை வயலில் அரிவாள் வைப்பதில்லை என்று முடிவு. "ஆட்சி மாறிடுச்சுங்கறாங்க. நெல்லளக்குற மரக்கா மாறலயே" என்று அண்ணன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

சாப்பிட்ட பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பண்ணை போன்ல என்ன பேசுறாருன்னு ஒனக்குத் தெரியுமில்ல? அப்பப்ப ஒரு வார்த்த சொல்லிவிடு."

"அது மட்டும் கேக்காதண்ணே. கம்பியில கேட்டத வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்."

"யாருக்குப் போட்ட கையெழுத்து?"

அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "சரி. ஆபீசு மனுஷி ஆயிட்ட. இனிமே இங்க வராத" என்றார். அவர் கூலி வேலை செய்த காசில்தான் நான் பத்தாவது முடித்தேன். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

22-1-1968, திங்கள்

மானிட்டரிங் — இணைப்புக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் சரியாகக் கேட்கிறதா என்று ஆபரேட்டர் ஒரு நிமிஷம் கேட்பது. கேட்டதும் போர்டில் உள்ள சாவி என்ற ஸ்விட்சைத் தள்ளி விலகிவிட வேண்டும்.

விலகுவதற்குள் காதில் விழுந்துவிட்டது. ஒண்ணாம் நம்பர், வெளி ஜில்லாவுக்கு. "ரெண்டு லாரி ஆளு. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம விடியக்குள்ள வயல்ல எறங்கணும். வெறுங்கையோட வரவேணாம்."

வெறுங்கையோட வரவேணாம்னா என்ன அர்த்தம்? அறுக்க அரிவாளா? அடிக்கக் கழியா?

24-1-1968, புதன்

சாயங்காலம் ஊர் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பி நடந்தேன். மூன்று மைல். சொன்னால் கையெழுத்துப் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் அண்ணன் தலை. நான் என்ன ஜென்மம்?

29-1-1968, திங்கள்

தஞ்சாவூருக்கு உள்ள இரண்டு ட்ரங்கில் ஒன்று பழுது. லைன்மேன் வியாழனுக்குள் வருவாராம். வாடகை வீட்டுக்கார வள்ளியம்மை அக்கா, "என்னடி தூங்கறதே இல்லியா, கண்ணு கொள்ளிக்கட்டயா இருக்கு" என்றார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன்.

1-2-1968, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பின்னால் யார் கேட்டாலும் இதுதான்.

பழுதான ட்ரங்க் இன்னும் சரியாகவில்லை. இருந்த ஒன்றில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

9.40. தபாலாபீஸ் கவுண்டரிலிருந்து ஜன்னல் வழியாகச் சீட்டு வந்தது. பொதுத் தொலைபேசி, சாதாரணக் கால், கூலித் தகராறு தீர்க்கிற தஞ்சாவூர் லேபர் ஆபீசருக்கு. பேசுபவர்: வீரையன், விவசாயத் தொழிலாளர் சங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இருமல் சத்தம் எனக்குத் தெரியாதா? 9.40 என்று கால் விவரம் எழுதும் டிக்கெட்டில் எழுதினேன்.

9.52. ஒண்ணாம் நம்பர் தகடு விழுந்தது. பண்ணைக்கும் அதே தஞ்சாவூர் எண். அதே ஆபீசர். எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தகராறு எதுவும் இல்லை, நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லத்தான்.

"ஒரு கால் முன்னாடி இருக்குங்க" என்றேன்.

"எனக்கு முன்னாடி யாரு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

அப்போது நான் சொல்ல வேண்டிய விதி ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். "அர்ஜென்ட்டா புக் பண்ணினா ரெட்டைக் கட்டணம், முன்னாடி போயிடும். பண்ணட்டுங்களா?"

அவர் மட்டும் 'ம்' என்று சொல்லியிருந்தால் அண்ணன் கதை முடிந்தது. நானே முடித்து வைத்திருப்பேன். எனக்கு என்ன கிறுக்கா?

பண்ணை சிரித்தார். "நான் எதுக்கு அர்ஜென்ட் போடணும்? என்னைக்கும் போலப் போடு. ரெத்தினத்துக்கிட்டக் கேளு, சொல்லுவான்."

அர்ஜென்ட் இல்லாத சாதாரணக் காலாக வரிசையில் போட்டேன். 9.52 என்று எழுதினேன்.

10.00. டாக்டர் முடித்தார். "ஆலங்கரை, லைன் க்ளியர். அடுத்தது சொல்லுங்க" என்றார் கமருன்னிஸா. அண்ணன் காலைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது. சாவியைத் தள்ளி விலகிவிட்டேன்.

10.09. பண்ணைக்குக் கொடுத்தேன். ஆபீசர் ஜீப்பில் கிளம்பிவிட்டார் என்று அங்கே யாரோ சொன்னார்கள்.

10.30. ரெத்தினம் சார் வந்து டிக்கெட்டைப் பார்த்தார். "பண்ணை டயத்த ஒம்பது முப்பத்தஞ்சுன்னு மாத்து. நீ வரிச தப்பிக் குடுத்துட்டன்னு பண்ணைக்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்." மாற்ற மாட்டேன் என்றேன். அவரிடம் முடியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

3-2-1968, சனி

ஆபீசர் அங்கேயே தங்கிப் பேசி முடித்தாராம். அரைப் படி கிடைத்துவிட்டது. லாரிகள் வந்து, ஆள் இறங்காமலே திரும்பிப் போயின. ரைஸ்மில்காரர் டாக்டரிடம் சொன்னதில் அரைகுறையாகக் காதில் விழுந்தது. இவ்வளவு பெரிய சேதி எனக்குக் கம்பி வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. நம்ம வீட்டு விசேஷம், நமக்கே ஊரார் சொல்லித் தெரியுது.

ஆனாலும் இன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

7-2-1968, புதன்

மெமோ. சொந்த அண்ணனுக்காக ஒரு சந்தாதாரரின் ட்ரங்க் காலைத் தாமதம் செய்ததாகப் புகார். பண்ணை எழுதியது, ரெத்தினம் சார் சாட்சி.

20-2-1968, செவ்வாய்

விசாரணை. தஞ்சாவூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தஞ்சாவூர் போர்டின் டிக்கெட்டுகளையும் கொண்டுவந்திருந்தார். கமருன்னிஸாவின் கையெழுத்தை முதல்முதலாகப் பார்த்தேன். குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. நேரமெல்லாம் என்னுடையதோடு ஒத்துப்போயிற்று.

அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அவரைப் பார்த்து. துவைத்த சட்டை போட்டு, கதவோரமாக நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பண்ணை கால் தன் காலுக்குப் பின்னால் காத்திருந்தது என்று இன்ஸ்பெக்டர் படித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். "இந்தப் பொண்ணு உன் தங்கச்சிதானே?"

"இல்லீங்க. யாருன்னே தெரியாதுங்க."

ரெத்தினம் சார், "பொய் சொல்றான் சார்" என்று எழுந்தார்.

"எனக்குத் தங்கச்சியே கெடயாதுங்க" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. நெற்றி வியர்த்திருந்தது.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா? பொங்கலன்று முடிவு கட்டியதைத்தான் சொன்னாரா? குரலை வைத்தே நாற்பத்தெட்டு வீட்டையும் சொல்லிவிடுவேன். என் அண்ணன் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியல. தெரியவே இல்ல.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் போதும், வேலைக்கு ஆபத்தில்லை. "அவர் என் அண்ணன்தான் சார். எங்கப்பா ஒருத்தர்தான். ஒன்பது நாற்பதுக்குப் புக் பண்ணினார். பண்ணை ஒன்பது ஐம்பத்திரண்டு. அண்ணனா இல்லாம இருந்தாலும் அப்படித்தான் குடுத்துருப்பேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ரெத்தினம் சாரின் பழைய டிக்கெட்டுக் கட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் வெளியே வந்தபோது அண்ணன் போய்விட்டிருந்தார்.

4-3-1968, திங்கள்

உத்தரவு வந்தது. பண்ணையின் புகார் நிரூபணமாகவில்லை. ஆனால் உறவினர் காலை நானே கையாண்டிருக்கக் கூடாதாம், இன்னொரு ஆபரேட்டரிடம் கொடுத்திருக்க வேண்டுமாம். அந்த ஷிப்டில் இன்னொரு ஆபரேட்டர் எங்கே இருந்தார் என்று உத்தரவில் இல்லை. பட்டுக்கோட்டைக்கு மாற்றம். பரீட்சையை அங்கேயே எழுதலாம்.

7-3-1968, வியாழன்

கமருன்னிஸாவிடம் மட்டும் சொன்னேன். "அடப் பாவமே, நாளைலேர்ந்து ஆலங்கரைன்னா வேற கொரலா?" என்றார். அடுத்த கால் காத்திருந்ததால் அதற்குமேல் பேச முடியவில்லை.

8-3-1968, வெள்ளி. பட்டுக்கோட்டை

காலை ஆறரை பஸ். வள்ளியம்மை அக்கா வாசல் வரை வந்தார். பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து பெட்டியைத் தூக்கினார்கள். திருடன் என்று கத்தப் போனேன். அண்ணன்.

எப்படித் தெரிந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினார். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். கீழே இறங்கியவர் கண்டக்டரைத் தேடிப் போனார்.

"எந் தங்கச்சிங்க. பட்டுக்கோட்டையில பாத்து எறக்கி விடுங்க."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

பட்டுக்கோட்டை எனக்குத் தெரியாத ஊர் இல்லை. பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து "எறங்கும்மா, வந்துருச்சு" என்று சொல்லும்வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.