இரண்டு மணல் மூட்டை

தை மாதம், வெள்ளிக்கிழமை.

இன்று சாயங்காலம் போனைச் சுற்றி இருந்தவர்கள்: மகள் ராணி, மாப்பிள்ளை கணேசன், செல்லம்மாள் ஆகிய நான். போனுக்குள் கனடாவில் இருக்கும் பேரன் பிரபு. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தெருவெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பனி.

வேலைக்குக் கிளம்பும்போது தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினான். "பின் சக்கரம்தான் தள்ளுது அம்மாயி. பனியில வாலாட்டுது. என்ன பண்ணலாம், நீ சொல்லு."

எனக்குத் தெரியும். அவன் தாத்தாவின் டெம்போவும் காலியாகப் போனால் ரெட்டிபாளையத்துச் சேற்றில் இப்படித்தான் பின்பக்கம் வழுக்கும். இரண்டு மணல் மூட்டையைப் பின்னால் ஏற்றிய பிறகுதான் வண்டியை எடுப்பார்.

பொங்கலன்று இந்தக் காரைப் பற்றிப் பேச்சு வந்தபோதே, "தாத்தா டெம்போவுல..." என்று இதைச் சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சிரித்தார். "அத்தை, அது ஸ்போர்ட்ஸ் காரு. ஒங்க வூட்டு டெம்போ இல்ல."

இன்று பிரபு கேட்டபோது அதை நினைத்துக்கொண்டு, "ஒங்கப்பாவக் கேளு, அவருதான் படிச்சவரு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு மறுபடி போன் வந்தது. வளைவில் கார் சுழன்று கம்பத்தில் மோதியிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை முறிந்துவிட்டது.

ராணி அழுது ஓய்ந்தபிறகு மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பொங்கலன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க அத்தை?"

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். பிள்ளை வாய்விட்டுக் கேட்டும் சொல்லாமல் இருந்தாளே, அந்தச் செல்லம்மாளை மன்னிக்க மாட்டேன்.