ஒரு நாள் மண்டகப்படி

நம் நெசவாளர் தெருவின் நூல் கடையை மூடியது நீதான். நட்டம் மூடவில்லை, சர்க்கார் மூடவில்லை. நீ மூடினாய். செத்தவனைப் பழிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ பிடி கொடுக்கவில்லையே.

இன்று சந்தையில் கருவாட்டுக் கூடைகளைத் தாண்டும்போது உன் ஞாபகம் வந்தது. ஆப்பிரிக்காவில், கிசுமு என்ற ஊரில், குஜராத்திக்காரர் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டு நீ திரும்பிய நாளில் உன் தகரப் பெட்டி இப்படித்தான் நாறியது.

"ஏரி மீனுலே. லுவோன்னு ஒரு சனம். அவனுவ பிடிச்சுக் காயவச்சது" என்றாய்.

அதன்பிறகு என் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கதையே பேசினாய். "ஊரு அவனுவளுது, கடைத்தெரு நம்ம நாட்டு ஆளுவளுது, சர்க்கார் கச்சேரி வெள்ளைக்காரனுது. பொறுத்துப் பாத்தானுவ. பெறவு தங்களுக்குள்ள துட்டுச் சேத்துக் கடை போட்டானுவ, அச்சாபீசு வச்சானுவ."

"நீ கல்லாவுக்கு எந்தப் பக்கம்லே நின்ன?" என்று கேட்டேன்.

"உள்பக்கம்தான். சம்பளம் அங்கனல்லா குடுத்தான்" என்று சிரித்தாய். அன்று நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் சொன்னாய். "எதுத்துப் பேசுதவனுக்கு வெள்ளைக்காரன் பித்தளைப் பொத்தான் வச்ச கோட்டு குடுத்து நாட்டாமை ஆக்கிருவான். கோட்டைப் போட்டவன் பெறவு வாயே தொறக்கமாட்டான்."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது.

சுதந்திரம் வந்தது. நூல் விற்கிற லைசென்சு மட்டும் ஊரின் ஒரே நூல் வியாபாரியான முதலாளி வீட்டை விட்டு நகரவில்லை. நெய்கிறவன் அவர் வாசலில் வெயில் தாழும்வரை நிற்க வேண்டும். லுவோக்காரன் செய்ததை நாமும் செய்வோம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். தெருவே துட்டுப் போட்டது. நமக்கென்று லைசென்சு வாங்கினோம், கடை திறந்தோம். ஆனால் அதை வருடா வருடம் புதுப்பிக்கப் பஞ்சாயத்து போர்டின் சிபாரிசு வேண்டும். போர்டில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் போர்டு தேர்தலில் முதலாளிக்கு எதிராக உன்னை நிறுத்தினோம்.

வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளுக்கு முந்தின நாள் முதலாளி உன்னைக் கூப்பிட்டனுப்பினார். நீ மட்டும் உள்ளே போனாய். நாங்கள் வாசலில் நின்றோம். வெளியே வந்து, "மக்கா, ஆடித்தபசுல நமக்கு ஒரு நாள் மண்டகப்படி!" என்று கத்தினாய்.

சங்கரன்கோவில் திருவிழாவில் ஒரு நாள் நம் தெருவின் பேரில். அம்மன் நம் செலவில் வீதி வருவாள், நம் ஆளுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து கேட்டுக் கிடைக்காத மரியாதை. கோவில் தர்மகர்த்தாக்களில் முதலாளியும் ஒருவர். என் அப்பா தெருவில் நின்று அழுதார். பதிலுக்கு என்ன கொடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் நீ மனுவைத் திரும்ப வாங்கினாய். முதலாளி போட்டியில்லாமல் ஜெயித்தார்.

ஆடியில் உன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கூட்டம் அம்மனைப் பார்த்தது. நான் உன் நெஞ்சில் பித்தளைப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால், லைசென்சுக்குச் சிபாரிசு இல்லை என்று போர்டு கைவிரித்தது. கடையைப் பூட்டினோம். அன்றே உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஏன்லே விட்டுக்குடுத்த?"

"சாமி காரியத்துல கணக்குப் பாக்காதல."

"சாமியா நூலு கேட்டா? நாமல்லா கேட்டோம்."

நீ செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாய். நிறுத்தாமல் குடித்தாய். மார்கழிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். முதலாளி ஆள் அனுப்பி உன் உடம்புக்கு மாலை போட்டார். எதிர்த்து நின்றவன் எவனுக்கும் அவர் மாலை அனுப்பி நான் பார்த்ததில்லை.

நீயும் ஏமாந்திருக்கலாம். கிழவர்களின் ஆசையைப் பார்த்து இளகியிருக்கலாம். தெருவில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பழையபடி முதலாளி வாசலில் நூலுக்கு நிற்கிறேன். அந்த லுவோக்காரர்கள் கடையைக் காப்பாற்றிக்கொண்டார்களா, தெரியவில்லை. யாராவது மரியாதை செய்ய வந்தால் இப்போதெல்லாம் அவன் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான்.

அன்று முதலாளி வீட்டுக்குள் மண்டகப்படிப் பேச்சை முதலில் எடுத்தது யார்? அவரா, நீயா? அதை மட்டும் சொல்லுலே.