'அப்புறம்?' என்று கேட்டவருக்கு

அக்கா,

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல் போனை எடுத்து நம் எழுத்துக் குழுவைத் திறந்தேன். மேலே உங்கள் பெயர். பக்கத்தில் 'தட்டச்சு செய்கிறார்' என்று ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கள் போன் இப்போது உங்கள் வீட்டுக்காரரிடம், சாரிடம், இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். சானடோரியம் வருவதற்குள் அது நின்றது. குரோம்பேட்டையில் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து கதவோரம் போய் நின்றேன், திரும்பி வந்தால் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சார் என்ன எழுதப்போகிறார்? 'குழுவிலிருந்து விலகுகிறேன்' என்றா? அதை நினைக்க நினைக்க உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் பாட்டுக்கு ஒரு காலையில் மாரடைப்பு என்று போய்விட்டீர்கள். குழுவை நடத்துகிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

உங்களை நான் முதலில் பார்த்ததும் இதே பெண்கள் பெட்டியில்தான். அதற்கு முன்பே குழுவில் ஒரு வருடம் பழக்கம், ஆனால் முகம் தெரியாது. எல்லோருக்கும் புனைபெயர்தானே. யார் கதை போட்டாலும் 'அருமை', 'சிறப்பு' என்று வரிசையாக விழும். நீங்கள் மட்டும் அப்படிப் போடவே மாட்டீர்கள். கதை பிடித்திருந்தால் ஒரே ஒரு சொல்: 'அப்புறம்?' அது கிடைக்காதா என்று நாங்கள் அத்தனை பேரும் ஏங்கிக் கிடந்தோம்.

அன்றைக்கு ரயிலில் ஒரு பெண் வீட்டு ஓனரோடு போட்ட சண்டையைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த யாரோ ஒரு அம்மாள், சம்பந்தமே இல்லாமல், "அப்புறம்?" என்றார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. குஷியாகி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்து, "நீங்க... குழுவுல..." என்று இழுத்தேன். "அக்கான்னே கூப்பிடு. பேரெல்லாம் அங்கயே இருக்கட்டும்" என்று சிரித்தீர்கள்.

அதன் பிறகு தினமும் நடைமேடை பெஞ்சில் சந்தித்தோம். ரயில் வரும்வரை நீங்கள் போனில் எழுதுவீர்கள். எழுதும்போது இடது கால் மட்டும் சும்மா இருக்காது. செருப்பைத் தரையில் பரக் பரக்கென்று தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு முறை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய் அந்தச் சத்தம் தாங்காமல் எழுந்து போனது. "கொஞ்சம் கால நிறுத்துங்கக்கா" என்றேன். "இது நின்னா அது நின்னுடும்" என்று காலையும் போனையும் காட்டினீர்கள்.

குழுவின் சட்டமும் நீங்கள் போட்டதுதான். எழுதியதை முன்னுரை இல்லாமல் போட வேண்டும். இது கதை, இது நிஜம் என்று எதையும் சொல்லக்கூடாது. "ரசம்னு சொல்லிட்டா ரசத்த ஊத்தறோம்? வாசனையிலயே தெரியணும்" என்பீர்கள். அந்தச் சட்டம் உங்களையே வந்து பிடிக்கும் என்று யார் கண்டது?

நீங்கள் போன அன்று உங்கள் எண்ணிலிருந்து குழுவில் இரண்டு வரி வந்தது. 'என் மனைவி இன்று காலை காலமானார். மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறோம்.' சார் உங்கள் போனில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிய செய்தி அது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'அருமையான தொடக்கம்' என்றார் ஒருவர். 'ஆண் குரலில் முதல் முறை எழுதுகிறீர்கள், பிரமாதமாகப் பொருந்துகிறது அக்கா' என்றார் இன்னொருவர். கானாத்தூர்ப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிற நம் கடல்மணி, அக்காவுக்கே அக்காவின் சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற பெருமையில், 'அப்புறம்?' என்று போட்டார்.

சாரிடமிருந்து பதில் வந்தது. 'அப்புறம் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாம் யார்?'

அலுவலகத்தில் அதைப் படித்ததும் அப்படியே கிளம்பினேன். ஆட்டோ பிடித்துச் சேலையூரில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், மீன் கூடை கட்டிய பைக்கோடு, ஒரு பெரிய மனிதர் தேம்பிக்கொண்டிருந்தார். கடல்மணியை அன்றுதான் பார்த்தேன். சுடுகாட்டிலிருந்து சார் திரும்பும் வரை இருவரும் தெருவிலேயே நின்றோம்.

அவரைக் கண்டதும் கடல்மணி கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா எட்துக்காதீங்க சார். நாங்க கதன்னு நெனச்சிகினோம்."

சார் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார். பதற்றத்தில் புனைபெயரைச் சொல்லிவிட்டேன்.

"போன்ல யாரோட சிரிக்கறேன்னு கேட்டா, 'என் ஆளுங்க'ம்பா. அது நீங்கதானா?"

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த நம்பர எடுத்துடாதீங்கம்மா. நீங்க பேசறது பாட்டுக்கு அதுல வந்துகிட்டு இருக்கட்டும்." சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இப்போது அந்தத் தலையாட்டல்தான் என்னைப் படுத்துகிறது. குழுவில் முன்பு போல் யாரும் எழுதுவதில்லை. எது போட்டாலும் உங்கள் எண்ணிலிருந்து அது படிக்கப்பட்டதாகக் காட்டுகிறது. 'அக்காவே படிப்பது போல் இருக்கிறது, அந்த எண்ணை எடுத்துவிடுங்கள், இல்லை நாங்கள் கிளம்புகிறோம்' என்று போன வாரம் நாலைந்து பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எண்ணை எடுத்தால் சாருக்குக் கொடுத்த வாக்கு போகும். எடுக்காவிட்டால் நீங்கள் வளர்த்த குழு போகும். ஒரு வாரமாக உங்கள் பெயர் மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

இன்று கிண்டி நெருங்கும்போது சாரின் அந்தச் செய்தி வந்தது.

'இன்று அவள் செருப்பை எடுத்து வைத்தேன். வலது அப்படியே இருக்கிறது. இடது மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கூடத்தான் இருந்தேன்.'

முன்னுரை இல்லை. கதை என்றும் இல்லை, நிஜம் என்றும் இல்லை. உங்கள் சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை அக்கா.

ஒவ்வொருவராகப் படித்தார்கள். கடல்மணி எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். "ஏம்மா, இது கதையா, நெசமா? இன்னா போட்றதுன்னே தெர்ல. பயமா கீது." அதைக் காதில் வைத்துக் கேட்ட நேரத்தில் நான் இறங்க வேண்டிய கிண்டி போய்விட்டது. சைதாப்பேட்டையில் இறங்கி நின்றேன்.

'தைரியமாக இருங்கள் சார்' என்று அடித்தேன். அழித்தேன். அதுவும் 'அருமை' மாதிரிதான், பேச்சை மூடுகிற சொல். அந்தச் செருப்பு ஏன் தேய்ந்தது என்று எனக்குத் தெரியும். பெஞ்சு, பரக் பரக், எழுந்து போன நாய், எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். எனக்கு அவர் நிறுத்தக்கூடாது.

மிச்சமிருந்தது உங்கள் சொல் ஒன்றுதான். அன்று சாரைச் சுட்ட அதே சொல். மறுபடியும் 'அப்புறம் ஒன்றும் இல்லை' என்று வந்தால் என் வாழ்நாளில் நான் எழுத மாட்டேன் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

'அப்புறம்?'

படித்துவிட்டார். எதிரே ஒரு ரயில் வந்து போனது. பிறகு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. இந்த முறை நிற்கவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எண்ணை எடுக்கப்போவதில்லை. போகிறவர்கள் போகட்டும்.

அவர் முடிக்கட்டும் அக்கா. முடித்ததும் அந்தச் செருப்பு எங்கே தேய்ந்தது, எதற்காகத் தேய்ந்தது என்று நான் சொல்வேன். அதுவரைக்கும் அந்தப் பதில் என்னிடம் பத்திரமாக இருக்கும்.