இரண்டு கோடு போட்ட பெயர்

அறிவித்தல்! மரண அறிவித்தல்! மன்னார்க் கடைத்தெருவைப் பிறப்பிடமாகவும், உங்கள் ஓட்டோவின் பின்சீற்றை வசிப்பிடமாகவும் கொண்ட ஒலிபெருக்கிப் பற்றரி அவர்கள் இன்று காலை திடீரெனக் காலமானார். அன்னார் சார்ஜரின் அன்புக் கணவரும், சிவப்பு வயர், கறுப்பு வயர் ஆகியோரின் பாசமிகு தந்தையும், மழையில் நனைந்து முன்னமே இறைபதம் அடைந்த பழைய பற்றரியின் உடன்பிறந்த சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

ஆரையும் விடவில்லைத்தானே, மாமா?

நாளைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. ஊருக்கு அறிவிக்கச் சொல்லி மாமி மைக்கை என் கையில் தந்தா. மைக்கின் பஞ்சில் இன்னும் வெற்றிலையும் கராம்பும் மணக்கிறது. வாய்க்குக் கிட்டப் பிடித்தால் நீங்கள் என் முகத்துக்கு நேரே நின்று கத்துவதுபோலவே இருக்கிறது. மைக் இருக்கிறது, மணம் இருக்கிறது, பற்றரி இல்லை. மன்னார்த் தீவில் செத்த எல்லாரையும் பற்றி ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குச் சொன்ன மனுசன், பற்றரி சாகப் போகிறதென்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

உங்களோடு ஓட்டோவில் சுற்றுகிற எனக்கு எப்பவும் கடுப்புத்தான். உங்கள் ஓட்டோ ஓடாது, நடக்கும். அதனால்தான் நான் அதற்கு 'நடட்டோ' என்று பேர் வைத்தேன். பேசாலையிலிருந்து வெளிக்கிட்டு எருக்கலம்பிட்டித் தேத்தண்ணிக்கடைக்கு வருவதற்குள் செத்தவரை அடக்கம் செய்துவிடுவார்கள் என்று பயப்படுவேன். கடைக்கார நானா எட்டிப் பார்த்து, "ஆரு மௌத்து?" என்று கேட்டால், மைக்கில் சொன்னதையே அவருக்குத் தனியாக முதலிலிருந்து சொல்வீர்கள். தேத்தண்ணி ஆறும், தோல் பிடிக்கும், நீங்கள் பேரப்பிள்ளைகளில் நிற்பீர்கள்.

உங்கள் குரலில் நான் உங்கள் சேவலுக்கு மரண அறிவித்தல் சொன்ன நாள் ஞாபகமா? மதிலுக்குப் பின்னால் நின்று வாளிக்குள் தலையை விட்டுச் சொன்னேன். மாமி அகப்பையோடு ஓடி வந்தா. நீங்கள் ஒற்றைச் செருப்போடு வந்தீர்கள். அடி விழப்போகிறதென்று கண்ணை மூடினேன்.

"டேய் விசரா, அந்தச் சேவலுக்கு நாலு பெட்டை. நீ மூண்டைத்தான் சொன்னனி. நாலாவது கேட்டால் என்ன நினைக்கும்?"

இதுதான் நீங்கள். செத்தது பொய் என்பதில் உங்களுக்குக் கோபம் இல்லை. ஒரு கோழி விடுபட்டதில்தான் கோபம்.

ஆனால் நீங்களே ஒருவரை விட்டனீங்கள். அதுவும் உங்கள் சொந்தத் தாயாரின் அறிவித்தலில். ஊரில் எல்லாருக்கும் தாள் பார்த்து வாசிக்கிற நீங்கள், அம்மாவின் ஆட்களுக்கு என்ன தாள் என்று மனப்பாடமாகச் சொல்லப் போய், அழுகையில் உங்கள் ஒரே தம்பியின் பேரை விட்டுவிட்டீர்கள். தாழ்வுபாட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு நின்ற மனுசன், தன் தாய்க்குத் தான் பிள்ளையில்லை என்று ஒலிபெருக்கியில் கேட்டார். வேண்டுமென்று செய்தீர்கள் என்றே நினைத்தார். அதோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு நின்றது. பதினொரு வருசம்.

"போய், மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோவன்," என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"அவன் வந்து கேக்கட்டும், சொல்லுறன்."

அவரைக் கேட்டால், "அவன் வந்து சொல்லட்டும், கேக்கிறன்."

இரண்டு பேரும் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அவருடைய வாசலடியில் மட்டும் நடட்டோவை நிறுத்தி, ஆரோ ஒருவரின் சாவை முழுக்க இரண்டு தரம் வாசிப்பீர்கள். அவர் படலையடிக்கு வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு தரமும் முழுக்கக் கேட்பார். பிறகு நீங்கள் போவீர்கள், அவர் உள்ளே போவார். பின்சீற்றில் இருந்த எனக்கு இரண்டு பேரின் தலையையும் பிடித்து முட்டவேணும்போல இருக்கும்.

பிறகு நீங்கள் ஒருநாள் விடியக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள். உங்கள் குரல் எனக்குத்தான் வரும் என்று மாமி என்னைக் கூப்பிட்டா. ரைப் பண்ணிய தாள் ஒன்று தந்தா. உங்கள் மருமகன் ஓட்டோ ஓடினார். தாளில் தம்பியின் பேர் இல்லை. "கதை பேச்சில்லாத ஆளை எப்பிடிப் போடுறது?" என்று மாமி கேட்டா.

ஆனால் தாழ்வுபாட்டில் அந்தப் பேர் மைக்கில் கேட்டது. படலையடியில் நின்றவர் கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பின்னேரம் செத்தவீட்டுக்கு வந்து, உங்கள் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ர பேரைச் சேர்த்தது ஆர்?"

"நான்தான்," என்றேன். "அந்தத் தாளைக் கிழிச்செறிஞ்சிட்டு நானாச் சொன்னனான், சின்ன மாமா."

"அதுதானே பாத்தன். அவன் எங்க சொல்லப் போறான்," என்றார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் ஊரில் பெரிய ஆள். பதினொரு வருசப் பகையைப் பதினொரு நிமிசத்தில் தீர்த்தவன். சந்தியில் கதை, கோயில் வாசலில் கதை. சின்ன மாமா கிழமைக்கு இரண்டு தரம் எங்கள் வீட்டுக்கு விளைமீன் கொண்டுவந்து தருகிறார். அம்மா பொரிக்கிறா. எனக்கு இறங்கவில்லை, மாமா. முள் இல்லாத துண்டும் தொண்டையில் நிற்கிறது.

நான் ஒன்றையும் கிழிக்கவில்லை. முதல் சந்தியிலேயே அழுது மூக்கு வடிந்தது. துடைக்கக் கையை எடுத்தேன், சோளகக் காற்று தாளைக் கொண்டு போய்விட்டது. மருமகனுக்குச் சொல்ல வெட்கம். உங்கள் பெட்டிக்குள் இருந்த, அறிவித்தல் எழுதுகிற கொப்பியை எடுத்தேன், பழைய அறிவித்தல் ஒன்றைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று. கடைசிப் பக்கத்தில் உங்களுடைய மரண அறிவித்தலே இருந்தது. உங்கள் கையெழுத்து. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தீர்கள். கண்ணீரில் பாதி தெரியாமல், தெரிந்ததை அப்படியே வாசித்தேன். சின்ன மாமாவின் பேரை வாசித்ததே, அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பேருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். பேனை அழுத்தி, மற்றப் பக்கத்திலும் தெரிகிற மாதிரி.

சேர்த்தது நீங்கள். "நான்தான்" என்றது நான். நீங்கள் அவருக்குச் சொன்ன ஒரேயொரு சொல்லையும் களவெடுத்து, அதற்கு மீனும் தின்கிறேன்.

கொப்பியிலிருந்து கழற்றிய அந்தப் பக்கம் ஒரு மாதமாக என் சட்டைப் பொக்கற்றில் கிடக்கிறது. நாளைக்குப் பூசை முடிய அதைச் சின்ன மாமாவின் கையில் கொடுக்கப் போகிறேன். மீன் நின்றுவிடும், அம்மா பேசுவா, ஊர் சிரிக்கும். பரவாயில்லை. ஆனால் பற்றரி செத்துப்போனதால், மாமா, இதை மைக் இல்லாமல் என் சொந்தக் குரலில்தான் சொல்லவேண்டும்.