இரண்டு மடங்கு வயதுக்கு ஒரு நீச்சல் உடை

மார்ச் 12, புதன்கிழமை

என் இல்லாளுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மார்ச் 3 அன்று நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. படித்ததிலிருந்து கோபம் ஆறவில்லை. நான்கு வயதுப் பேத்திக்கு எட்டு வயதுக்கான நீச்சல் உடையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து எந்த அறிவோடு வாங்கினீர்கள்?

இதே கூத்து மார்ச் 8 அன்று நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலும் நடந்தது. “வளர்ற பிள்ளைதானே பெரியவரே, பெருசாவே குடுங்க” என்றார் ஒரு தகப்பன்.

“பள்ளிக்கூடச் சட்டைன்னா மடிச்சுத் தைக்கலாம். இது தண்ணிய மொண்டுக்கிட்டுப் பிள்ளைய கீழ இழுக்கும். குடுக்க மாட்டேன்” என்றேன். முதலாளி என்னை இரண்டு நாள் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். அங்கே குளிர்ச்சியாகத்தான் இருந்தது, கவலைப்படாதே.

ஏப்ரல் 21 அன்று பேத்திக்கு நீச்சல் வகுப்பு. அந்த உடையை அவளுக்குப் போடவே கூடாது. உடலோடு ஒட்டியதாக, கழுத்தில் கயிறு இல்லாததாக, தண்ணீரில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிறத்தில் நானே அனுப்புகிறேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. அவள் தோளிலிருந்து தொடைவரை நூலால் அளந்து, அந்த நூலையே உறையில் வை. எண்ணாக எழுதி அனுப்பாதே. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று நானும் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உன் கணவன்