மரத்துக்கு மரம் கைமாறிய கட்டில்

பக்கத்து வீட்டுப் பழைய கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். காலை எட்டு மணிக்கே தச்சர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர், சர் என்று ஒரு வறண்ட சத்தம். கொஞ்சம் நிற்கிறது, மறுபடி சர், சர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம், இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டதுதான். அறுபது தாண்டிய ஓய்வு பெற்ற டீச்சர், உளுந்தூர்பேட்டையில் மொசைக் தரை போட்ட வீட்டில், பட்டப்பகலில் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

பார்க்க இங்கே யாரும் இல்லை. பையன் சென்னையில் இருக்கிறான். அவர் போய் நான்கு வருடமாகிறது. பைபாஸில் போகும் லாரிகளைத் தவிர இந்த வீட்டுக்குள் வேறு சத்தம் வருவதில்லை. வந்த ஒரே புதுச் சத்தமும் சுருட்டை விரியன் பாம்பு உடம்போடு உடம்பைத் தேய்க்கிற சத்தம் மாதிரியே இருக்கிறது, என் அதிர்ஷ்டத்தைப் பார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தில் நமக்கு ஒரே அறை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஸ்டவ். என்னைவிட நீ இரண்டு வயது பெரியவள். நான் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்துப் பெண். நீ கள்ளக்குறிச்சியை ஒட்டிய ஒரு கிராமத்தின் காலனிப் பெண். உன் அப்பா கொத்து மேஸ்திரி, வேலை இல்லாத நாளில் கரும்பு வெட்டப் போகிறவர். என் வீட்டில் கேட்டபோது, 'கூட ஒரு டீச்சர் இருக்காங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

உனக்கு ஞாயிற்றுக்கிழமை நான்கு சுவருக்குள் இருக்கக் கூடாது. புளிசோறு கட்டிக்கொண்டு கோமுகி அணைக்குக் கிளம்பிவிடுவாய். அணைக்கு மேலே ஓடையைப் பிடித்துக்கொண்டு கல்வராயன் மலைக்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். முதல் தடவையே அணைக்கரையில் ஒரு நல்ல பாம்பு நமக்குப் பத்தடி முன்னால் படம் எடுத்து நின்றது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடிப் போய் மதகுச் சுவர் மேல் ஏறிக்கொண்டேன். நீ அசையவில்லை. "நாமதான் அது வழியில வந்துட்டோம். நின்னுக்கினு இருந்தா அது பாட்டுக்குப் போவும்" என்றாய். போயிற்று. இன்னொரு நாள் காய்ந்த கரும்புச் சோகைக்குள் கண்ணாடி விரியன் குக்கர் மாதிரிச் சீறியபோது, என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். நான் ஒரு வாரம் தலைவலி என்று சொல்லிக் காட்டினேன். "கால் போறதுக்கு முடி போனா இன்னாடி" என்றாய். உன்னோடு போன அந்த ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் போல என் வாழ்க்கையில் பிறகு எதுவும் வாய்க்கவில்லை. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

பிறகு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலையை மறித்த அந்த வாரம் வந்தது. ஊருக்கு ஊர் சாலையோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பேப்பர் இல்லை. என் அண்ணனும் எங்கள் ஊர் மறியலில் இருந்தான். அறையை விட்டு வெளியே வராதே என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். சரி என்று சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பிய மறுநாள் காலையில் நீயும் நானும் ஒரு வண்டிகூட இல்லாத தார்ச் சாலையின் நட்டநடுவில் கைவீசிக்கொண்டு நடந்தோம். ஊரே பயந்துகொண்டிருந்த வாரத்தில் நாம் இருவரும் லீவு கிடைத்த குஷியில் இருந்தோம்.

ஓடையில் அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வந்தது. வெயிலில் காய்ந்த பாறை மேல் நீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு இறங்கினாய். அப்போதுதான் இந்தச் சத்தம் கேட்டது. சர், சர். பாறை இடுக்கில் ஒரு முழம்கூட இராத ஒரு சின்னப் பாம்பு, மண் நிறத்தில், சுருண்டு தேய்த்துக்கொண்டிருந்தது. நீ காலை எடுப்பதற்குள் அது கொத்திவிட்டது. குதிகாலுக்கு மேலே இரண்டு சிவப்புப் புள்ளி.

"சுருட்டைடி. வா, போயிடலாம்" என்றாய். உனக்குத் தெரியும். கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா?

எனக்கு வந்தது வேறு பயம். இப்போது இறங்கினால் கச்சிராயபாளையமே கூடும். இரண்டு பெண்கள் மறியல் நாளில் மலைக்குள் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள், அண்ணன் காதுக்குப் போகும், கூட இருந்தது யார் என்று விசாரிப்பார்கள், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்பார்கள். அதனால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஓடைக்கரை வேம்பிலிருந்து ஒரு கொத்துத் தழையை உருவி உன் வாயில் திணித்தேன். கசந்தால் விஷம் ஏறவில்லை, கசப்புத் தெரியாவிட்டால் ஏறிவிட்டது. பெரியவர்கள் பார்க்கும் பரீட்சை அது. நான் பி.எட். படித்தவள்.

"இன்னா, கசக்குதா?"

"கசக்குதுடி."

"நல்லாக் கசக்குதா?"

"வேப்பிலை கசக்காம வெல்லமாவா இருக்கும்" என்று முகத்தைச் சுளித்தாய்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்படியானால் ஒன்றும் இல்லை என்று நான் முடிவு கட்டினேன். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றேன். நீ என் முகத்தையே பார்த்துவிட்டு உட்கார்ந்தாய். என் பயம் உனக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். புளிசோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்தேன். நீ ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று, துப்பினாய். சோற்றில் ரத்தம். உன் பல் ஈறிலிருந்து வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது, அந்த இரண்டு புள்ளியிலும் ரத்தம் நிற்கவே இல்லை.

உன்னை எப்படிக் கீழே இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. பாதி நடந்தாய், பாதி இழுத்து வந்தேன். கச்சிராயபாளையத்தில் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போனால்தான் ஊசி என்றார். சைக்கிளில் உட்கார வைத்துப் பார்த்தோம், நீ சாய்ந்துவிட்டாய். யாரோ ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். நான் உன் தலைமாட்டில் ஓடினேன்.

முதல் மரம் ஊரைத் தாண்டியதுமே கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலும் முப்பது நாற்பது பேர். தோளில் துண்டு போட்ட ஒருவர் எழுந்து வந்தார்.

"யாரும்மா நீங்க? எந்தூரு?"

அப்பா பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"நம்ம வூட்டுப் பொண்ணுதான். இது யாரு?"

உன் கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. "டேய், நாலு பேரு வாங்கடா! பாம்பு கடிடா!" என்று கத்தினார். கட்டில் மரத்துக்கு மேலே கைமாறி அந்தப் பக்கம் போயிற்று. அவர்கள் அடுத்த மரம்வரை ஓடினார்கள். அங்கே வேறு நான்கு பேர் காத்திருந்தார்கள், செய்தி நமக்கு முன்னால் ஓடியிருந்தது. ஒவ்வொரு மரத்திலும் யாரோ ஒருவர், "யாரு?" என்றார். ஒவ்வொரு மரத்திலும் நான், "எங்க அக்கா" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பழகிவிட்டது. வெட்டிப் போட்ட புளியமரங்களின் தழை வெயிலில் வதங்கிக் கிடந்தது. நான் அதை மிதித்து மிதித்து ஓடினேன். சாமி, சாமி என்று வாய் விட்டு அழுதேன்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் கடைசி மரம். அது உன் ஊரில் இருக்கிற எங்கள் ஆட்கள் போட்டது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் கட்டிலின் கால்மாட்டைத் தோளில் வாங்கக் குனிந்தார். உன்னைப் பார்த்ததும் நின்றார்.

"இது காலனி மேஸ்திரி பொண்ணாச்சே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அக்கான்னு சொன்னாங்களே?"

எல்லாம் முடிந்தது, இங்கேயே இறக்கி வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். "தூக்குங்கடா. பேசிக்கினு நின்னா நேரமாவுது" என்றார். ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் தோள் மாற்றவே இல்லை.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். இரண்டு நாள் உனக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாய். குடித்துவிட்டு என்னைக் கேட்டாய்:

"அந்த மீசைக்காரரு நான் யாருன்னு தெரிஞ்சேதான் தூக்கினாரு. பார்த்த இல்ல?"

"பார்த்தேன்."

"மத்தவங்களும் தூக்கியிருப்பாங்களா?"

"தெரியலடி. எனக்குப் பயமா இருந்திச்சு."

நீ விளையாட்டாகச் சொல்கிற குரலில், "சரி, அக்கான்னு சொல்லிட்ட. வர்ற பொங்கலுக்கு உங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போ. உங்கம்மாவ நானும் பார்க்கணும்" என்றாய்.

நான் உன் போர்வையைச் சரி செய்தேன். "மொதல்ல உடம்பு தேறட்டும்" என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

உடம்பு தேறியது. பொங்கல் வந்தது. நான் தனியாக ஊருக்குப் போனேன். நீ கேட்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒருமுறை என்னைக் கிழி கிழி என்று கிழித்திருந்தால்கூட நான் அழுது, அதற்குப் பிறகாவது ஏதாவது செய்திருப்பேன். கோடை விடுமுறையில் வெள்ளிமலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். போகிற அன்று ஸ்டவ்வை எனக்கே விட்டுவிட்டாய். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அழைப்பிதழ் அனுப்பினேன், தபாலில். நேரில் வந்து கொடுக்கவில்லை. நீ வரவில்லை. மலைப்பக்கம் நானும் அதற்குப் பிறகு போனதில்லை. பாம்புப் பயம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நன்றாக எடுபடுகிறது.

ஓய்வூதிய வேலையாகப் போன இடத்தில் நம் பழைய பள்ளி டீச்சர் ஒருத்தி, பேச்சோடு பேச்சாக, நீ போய் இரண்டு மாதம் ஆகிறது என்றாள். மறுநாள் உன் ஊருக்குப் பஸ் ஏறினேன். இங்கிருந்து கள்ளக்குறிச்சி ஒன்றும் கடல் கடந்த தூரம் இல்லை என்பது அந்த பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்திலேயே இருந்திருக்கிறோம்.

உன் பெண் கதவைத் திறந்தாள். உன் நெற்றி, நீ நிற்கிற விதம். உன் படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார வைத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், பாம்பு கடித்த கதையை அம்மா சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பாங்களா! எத்தினி மரம், எந்த மரத்துல யாரு தூக்கினாங்க, எல்லாம் சொல்லுவாங்க. கடைசி மரத்துல ஒருத்தரு, பெரிய மீசையாம். அவரு சாவுற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அம்மா கரும்பு எடுத்துக்கினு போயிப் பார்ப்பாங்க. நானும் போயிருக்கேன். அவரு பசங்க இன்னும் வந்துக்கினு போய்க்கினு இருக்காங்க" என்றாள்.

"கூட யாரு இருந்தாங்கன்னு சொல்லுவாங்களா?"

அவள் யோசித்தாள். "யாரோ ஒரு டீச்சர் கூட ஓடியாந்தாங்கன்னு சொல்லுவாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க அம்மாவுக்கு இன்னா வேணும்?"

முப்பது நாற்பது பேருக்கு முன்னால் மரத்துக்கு மரம் மூச்சு வாங்கச் சொன்ன வார்த்தை தொண்டைவரை வந்தது. அன்றைக்கு உன்னைக் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்க நீ இல்லை. "ஸ்கூல்ல கூட வேலை பார்த்தேன்மா" என்றேன். காபி கொடுத்தாள், குடித்தேன். உன் வீட்டில் நான் வாய் நனைத்தது அன்றைக்குத்தான்.

அந்த வார்த்தை இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. இந்தக் கடிதம் முழுக்க ஒரு இடத்தில்கூட உன்னை அப்படிக் கூப்பிடவில்லை. நீ கவனித்திருப்பாய்.