படல் இல்லாத பக்கம்

பழவேற்காடு,
1778ஆம் வருஷம், தை 14

என் பேரப்பிள்ளை மாசிலாமணிக்கு, ஆயா எலிசபெத் உன் தலையைத் தடவி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். உன் தம்பி பச்சைமுத்து தானே ஒரு தோணி கட்டி, தனியாகவே முகத்துவாரம் தாண்டிப் போய்வந்தான். சின்னவன் செங்கல்வராயன் எழுதும் ஒல்லாந்தர் எழுத்தைக் கோட்டைத் துரையே மெச்சுகிறார். உன் தங்கை குணசுந்தரிக்குப் பதினோரு வயசு. முப்பது ஞானப்பாட்டு மனப்பாடம். எல்லோருக்கும் மேலே நீ. சதுரங்கப்பட்டினத்து நெசவுக்காரர்களுக்கு உபதேசியார், அவர்களின் மேய்ப்பன். தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுக் காசியம்மாள் விடுவாளா? "இன்னா எலிசபெத்து, உங்க நைனா திருப்பாலைவனத்துல மேய்ச்ச ஆட்டைத்தான் உன் பேரன் படிச்சிட்டுப் போயி மேய்க்கிறானா?"னு கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என் கண் மங்கிக்கொண்டு வருகிறது, ராசா. விடியற்காலையில் ஏரியில் பூநாரைகள் நிற்பதைப் பார்த்தால், நைனாவின் ஆடுகள் தண்ணீர்மேல் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. நான் பேர்கூடச் சொல்லிக் கூப்பிடுகிறேன். முழுசும் இருட்டுவதற்குள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பங்குனிக்குள் வந்துவிடு.

கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்த கை இது. வரி கோணியிருந்தால் கண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும்.

உன் ஆயா,
எலிசபெத்


சதுரங்கப்பட்டினம்,
மாசி 2

அன்புள்ள ஆயாவுக்கு,

வருகிறேன். மாசி இருபதில் ஒரு தோணி புறப்படுகிறது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. வேறு உபதேசியார் மழைக்குப் பிறகுதான் வருவார் என்கிறார்கள். அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிறவர்களே பதினோரு பேர். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உள்ளே கூப்பிடுவேன். அதைத் தவிர நான் இங்கே ஒன்றும் சாதிக்கவில்லை.

ஊருக்குப் போவதை அவர்களிடம் சொன்னேன். கால் விளங்காத தருமலிங்கம், "நீங்க போயிட்டா எங்களை யாரு பேரு சொல்லிக் கூப்புடுவாங்க, உபதேசியாரே?" என்று கேட்டார்.

இங்கே ஒரு மாலுமி, ஆளைச் சுவரோரம் உட்காரவைத்து, விழுகிற நிழலைக் கறுப்புத் தாளில் அப்படியே வெட்டித் தருகிறான். வேடிக்கையாக இருக்கிறது.

உங்கள் பேரன்,
மாசிலாமணி


பழவேற்காடு,
மாசி 11

ராசா,

உன் கடிதத்தைக் குணசுந்தரி வாசித்தாள். வருகிறேன் என்ற வரியில் அழுதேன். தருமலிங்கத்தின் வரி வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

அறுத்த வயலில் நைனா ஆட்டுப்பட்டி போடுவார். மூன்று பக்கம் பனைமட்டைப் படல். நாலாவது பக்கத்தில் படலே கிடையாது. அங்கே அவரே குறுக்கே படுத்துக்கொள்வார். நான் பிறந்த அன்றைக்கு ஆள் போய்க் கூப்பிட்டதாம். "நான் எழுந்தா பட்டி தொறந்துக்கும்"னு சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மா சாகிறவரைக்கும் அதைச் சொல்லித் திட்டினாள். நானும் அம்மா பக்கம்தான் இருந்தேன், நேற்றுவரைக்கும்.

நீ வராதே.

காசியம்மாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்: ஆமாம், ஆடுதான் மேய்க்கிறான், நைனாவைப் போலவே.

அந்த மாலுமியிடம் போய் உட்கார். கெட்டித் தாளாகப் பார்த்து வெட்டச் சொல். விரலால் தடவினால் நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் தெரிய வேண்டும். மாசி இருபது தோணியில் உன் இடத்தில் அது வரட்டும்.

உன் ஆயா,
எலிசபெத்